காண்டா வாளியும் ஒரு பக்கத் தோளும்

வணக்கம் அக்கா,

எனக்கு 49 வயது. மலேசியாவில் பகாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கிறோம். தமிழ்ப்பள்ளி கேன்டீனில் வேலை செய்தேன். மார்பகப் புற்றுநோய் வந்து, எட்டு மாதத்துக்கு முன் இடது மார்பை முழுசாக எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களை) எடுத்தார்கள். கீமோ முடிந்து முடியும் வளரத் தொடங்கிவிட்டது. ஆனால் வெளியே போகப் பிடிக்கவில்லை. பழைய பாடிக்குள் (பிராவுக்குள்) கைக்குட்டையை மடித்து வைக்கிறேன், மதியத்துக்குள் அது கழுத்துக்கு ஏறிவிடுகிறது. பட்டை தழும்பில் உரசி எரிகிறது. மாமியார் “உயிர் தப்பிச்சதே பெருசு, இந்த வயசுல அழகு என்ன வேண்டிக்கிடக்கு” என்கிறார். அந்தக் கையால் ஒரு தட்டைக்கூடத் தூக்காதே என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். எனக்குத் தைரியம் வருகிற மாதிரி ஏதாவது எழுதுங்கள் அக்கா.

பகாவ் வாசகி


அன்புள்ள தங்கச்சி,

தைரியம் வருகிற மாதிரி எழுதச் சொல்கிறீர்கள். நான் பாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கும் இடது பக்கம்தான், பதினொரு வருஷமாகிறது. நாள் முழுக்க உரசி எரிகிற ஒன்றை உடம்பில் கட்டிக்கொண்டு யாருக்கும் தைரியம் வராது. எனக்கு எரிச்சல் நின்ற பிறகுதான் வாசலுக்கு வரவே மனம் வந்தது.

அந்தப் பழைய பாடியை இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள். பருத்தித் துணியில், கம்பி இல்லாமல், முன்பக்கம் ஊக்கு வைத்தது, பட்டை அகலமாக இருப்பது வாங்குங்கள். கையைப் பின்னால் முறுக்காமல் போட்டுக்கொள்ளலாம். அளவு பார்க்கும்போது பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். உள்பக்கம் மெல்லிய துணியில் ஒரு பை தைத்துக்கொண்டால் வைக்கிற பஞ்சு நகராது.

உங்கள் கைக்குட்டை ஏன் ஏறுகிறது தெரியுமா? அதற்குக் கனம் இல்லை. எனக்கு இது கோயில் அன்னதானத்தில் நடந்தது. சாம்பார் வாளியோடு குனிந்து நிமிர்ந்தேன், மடித்து வைத்த துணி காறை எலும்புக்கு வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை “பாட்டி, அங்க என்ன?” என்று கை நீட்டியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், மூன்று மாதம் கோயில் பக்கம் போகவில்லை. அதனால் உங்கள் கடிதத்தை ஒரே மூச்சில் படிக்க என்னால் முடியவில்லை.

பிறகு என் நாத்தனார் வேட்டித் துணியில் வட்டமாக ஒரு பை தைத்து, தலையணைப் பஞ்சு திணித்து, அடியில் ஒரு கைப்பிடி பச்சைப்பயறை முடிச்சாகக் கட்டி வைத்துக் கொடுத்தார். அது ஏறவே இல்லை. துவைக்கும்போது முடிச்சை எடுத்துவிட வேண்டும். காயம் புதிதாக இருக்கும்போது வெறும் பஞ்சு போதும், கனம் கூடாது.

சிலிக்கானில் செய்த செயற்கை மார்பு இதைவிட நல்லது. காயம் நன்றாக ஆறியதும், வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு, போட்டுக்கொள்ளலாம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். கதிர் சிகிச்சை பாக்கி இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது சில நூறு கிராம் கனம் இருக்கும், அந்தக் கனத்துக்காகத்தான் அதைப் போடுவது. கேன்டீன் அடுப்படியில் வியர்த்து ஊற்றும், அதனால் பருத்தி உறை போட்டே வையுங்கள். ராத்திரி மிதமான சோப்பில் கழுவித் துடைத்து, அதன் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். சேலை கட்டும்போது ஊக்கைத் தோளில் குத்துங்கள், மார்பில் வேண்டாம். ஊக்கு பட்டால் சிலிக்கான் ஓட்டையாகிவிடும். முந்தானை இடது தோளில்தானே விழுகிறது, அது நமக்குத் துணை. ரவிக்கை தைப்பவரிடம் அக்குள் வெட்டைத் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மாமியார் சொன்னது. அவரும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவராகத்தான் இருப்பார். என் அம்மா காண்டா வாளி தூக்கினவர். தோளில் கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி. ஒரு வாளியில் பால் குறைந்தால் கம்பு சாயும், கழுத்து பிடித்துக்கொள்ளும். அம்மா நின்று, மற்ற வாளியிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சமன் செய்துவிட்டுத்தான் நடப்பார். அதை யாரும் அழகு பார்ப்பதாகச் சொன்னதில்லை. ஒரு பக்கம் கனம் போனால் அந்தத் தோள் மெல்ல ஏறிக்கொள்ளும், கழுத்தும் முதுகும் வலிக்கும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும். அழகுக்காகவும் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், வேண்டும்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எதுவுமே வைக்காமல் நிம்மதியாக இருக்கிற பெண்களும் உண்டு. வீட்டில் நானும் வைப்பதில்லை.

கையைப் பற்றி அக்கம்பக்கம் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். நெறி எடுத்த பக்கம் நிணநீர் வடியும் வழி குறைந்துவிடுவதால் கை வீங்கலாம் என்பது உண்மை. அதற்காகக் கையைத் தொங்கப் போட்டால் தோள் இறுகிவிடும். கை ஏற்கெனவே வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அவர்களில் பாதிப் பேர் கையை இறுக்கிப் பிடிக்கிற அழுத்த உறை போட்டுக்கொண்டு, வாரம் இரண்டு முறை எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் அதனால் கூடவில்லை, தொந்தரவு குறைந்தது. பயிற்சி சொல்லித்தரும் பிசியோவைப் பார்த்து, சின்னதாக ஆரம்பியுங்கள்.

ஒன்றை இன்றே செய்யலாம். சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களைப் பல்லி ஏறுவது போல மேலே நகர்த்துங்கள். இழுக்கிற இடத்தில் நின்று மூச்சு விட்டுவிட்டு இறங்குங்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எங்கள் பழைய வீட்டுப் பலகைச் சுவரில் என் கோடுகள் இன்னும் இருக்கின்றன. முதல் கோடு என் தோளுக்கும் கீழே.

வளையல்தான் உங்களுக்கு அளவுகோல். நேற்று வரை சுழன்றது இன்று இறுகினால் கிளினிக்குப் போங்கள். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போயிருக்கும், அங்கே ஓடும் நரம்பு அறுவையில் பட்டிருக்கலாம். சூடு தெரியாது என்பதால் சட்டி, இஸ்திரிப் பெட்டி பக்கம் கவனம். புல் பிடுங்கும்போது கையுறை போடுங்கள்.

1952-இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பை எடுத்தார்கள். கையை எப்படி அசைப்பது, என்ன உடுத்துவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தானே கற்றுக்கொண்டு, புதிதாக அறுவை செய்துகொண்ட பெண்களின் கட்டிலருகே போய் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். அது பல நாடுகளுக்குப் பரவியது. இங்கேயும் மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் இருக்கிறது, அதே நோயைக் கடந்த பெண்கள் பேசுவார்கள். போன் செய்யத் தயங்காதீர்கள்.

நானும் இதே டவுனில்தான் இருக்கிறேன். நாத்தனார் தைத்த பையின் அளவைக் காகிதத்தில் வெட்டி வைத்திருக்கிறேன், ஒரு சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன் ஒரு வாரம் சுவரில் விரல் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஏழாவது நாள் கோடு முதல் கோட்டுக்கு எத்தனை விரல் மேலே என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா