சோட்டோ போனா போகட்டும், மூணாவது பேஸ்ல யாரு?

போன இதழ்ல ஒரு வாசகர் உங்களுக்குப் புடிச்ச விளையாட்டு எதுன்னு கேட்டாரு, நானும் சும்மா இருக்காம பேஸ்பால், அதுலயும் நியூயார்க் யாங்கீஸ்னு ஒத்த வரி எழுதிட்டேன். மகன் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயி ஆறு மாசம் இருந்தப்ப தொத்துன வியாதி, ஊருக்கு வந்தும் விடல. அந்த ஒரு வரிக்கு இவ்ளோ கடுதாசி வரும்னு நினைக்கல. காரைக்குடி சுத்துப்பட்டுல பாதி வீட்டுப் பேரப்புள்ளைக அங்கதான இருக்கு. அதனால, 2025 சீசன் தொடங்கப் போற இந்த மாசம் சமையல் சந்தேகம், ஃபிக்சட் டெபாசிட் எல்லாத்துக்கும் லீவு.

தேவகோட்டை வாசகர்: அண்ணே, சோட்டோவை விட்டது சரியா தப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில சொல்ல முடிஞ்சா நான் ஏன் பத்தி எழுதுறேன். தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன், ஹுவான் சோட்டோ 2024ல யாங்கீஸுக்கு விளையாடின பெரிய அடிக்காரரு. முதல்ல அந்த 'விட்டது'ங்கிறதை மாத்துங்க, யாங்கீஸ் விடல, அவராத்தான் போனாரு. 2024 டிசம்பர்ல அதே நியூயார்க்ல இருக்கிற இன்னொரு டீம் மெட்ஸோட முதலாளி ஸ்டீவ் கோஹன் 15 வருஷத்துக்கு 765 மில்லியன் டாலர்னு எழுதிக் குடுத்துட்டாரு, நம்ம காசுக்கு 6,600 கோடிக்கு மேல, பேஸ்பால்ல இதுவரைக்கும் இவ்ளோ பெரிய சம்பளச் சீட்டு, அதான் ஒப்பந்தம், யாரும் எழுதினதில்ல, அதுல 75 மில்லியன் கையெழுத்துப் போட்டதுக்கு மட்டும். யாங்கீஸும் கைகட்டி நிக்கல, 16 வருஷம் 760 மில்லியன் வரைக்கும் ஏறிப் போனதா செய்தி வந்துச்சு. ஆக ரெண்டு பேரும் ஒரே கிணத்துல குதிக்கத்தான் ஓடுனாங்க, மெட்ஸ் முந்திக்கிட்டாங்க. அவரு போன மறுநாளே நம்ம ஆளுக, அதான் யாங்கீஸ் ரசிகருங்க, நல்லவேளை தப்பிச்சோம், நாப்பது வயசு தாண்டியும் சம்பளம் குடுக்கணுமேன்னு பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. எட்டாத பழம் புளிக்கத்தான் செய்யும். ஜெனரல் மேனேஜர் பிரையன் கேஷ்மேன் புத்திசாலித்தனமா ஒதுங்கிட்டாருன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

சரி, என் கணக்கைக் கேளுங்க. எங்க ஐயா பினாங்குக்குப் பெட்டியடிப் பையனா, அதான் கடையில கத்துக்குட்டியா, போனவுக. மூணு வருஷக் கணக்கு. போறதுக்கு முன்னாடியே மொத்தச் சம்பளமும் பேசி சம்பளச் சீட்டு எழுதிடுவாக, ஒரு பங்கு முன்பணமா வீட்டுக்கு, மீதி திரும்பி வந்து கணக்கு ஒப்படைச்ச பெறகு. பையன் தேறினா அடுத்த தடவை அடுத்தாள், அதுலயும் தேறினா ஏஜெண்டு, ஒவ்வொரு தடவையும் புதுச்சீட்டு. ஆளு எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் 15 வருஷத்துக்கு ஒரே சீட்டு எழுதின முதலாளியை நான் கேள்விப்பட்டதில்ல. இங்க என்னடான்னா சோட்டோ 2029 சீசன் முடிஞ்சதும் வேணாம்னா கெளம்பிடலாம், அவரு கெளம்பாம இருக்கணும்னா மெட்ஸ் மிச்சம் இருக்கிற பத்து வருஷத்துக்கும் வருஷம் 4 மில்லியன் கூட்டிக் குடுக்கணும், ஆகமொத்தம் 805 ஆயிடும். முதலாளி யாரு வேலைக்காரன் யாருன்னே புரியல.

ஆனா இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, அதையும் சொல்லாட்டி நியாயமில்ல. ஜான்கார்லோ ஸ்டான்டன்னு ஒருத்தரு, 2014ல மயாமி டீம் அவருக்கு 13 வருஷம் 325 மில்லியன்னு எழுதுச்சு, 2017 டிசம்பர்ல யாங்கீஸ் அந்தச் சீட்டோட சேத்து வாங்குனாங்க, அன்னைலேர்ந்து பாதி நாளு ஆஸ்பத்திரி, 2025 சீசன் தொடங்குறப்பக்கூட ரெண்டு முழங்கையும் வலின்னு உக்காந்துட்டாரு. நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். அந்த மனுஷன்தான் 2024 அக்டோபர்ல பிளேஆஃப்ல 7 ஹோம் ரன், அதான் நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சு டீமைத் தூக்கிட்டுப் போனாரு. பேரேட்டுல அவரு பேருக்கு நேரா என்ன எழுதுவீங்க?

சீட்டு எழுதினப்ப சோட்டோ வயசு 26, 2024ல 41 ஹோம் ரன். எட்டு வருஷம்னா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவேன், 15க்குப் போடமாட்டேன். எட்டு வருஷம்னு சொல்லியிருந்தா அவரு சிரிச்சுட்டுப் போயிருப்பாருங்கிறதும் எனக்குத் தெரியும்.

கானாடுகாத்தான் ஆச்சி: தம்பி, எம் பேரன் டாட்ஜர்ஸ்காரன். அந்த ஜப்பான்காரத் தம்பிக்கு 700 மில்லியன் பேசி பாக்கியைப் பத்து வருஷம் கழிச்சுத்தான் குடுப்பாகன்னு சொல்றான். அதுக்கு வட்டி உண்டா?

ஆச்சி, இத்தனை கேள்வியில வட்டியைப் பத்திக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். நம்ம ஊரு ரத்தம்! கேட்டா நெஞ்சு பதறும், வட்டி கிடையாது ஆச்சி. சல்லிக்காசு கிடையாது. ஷோஹேய் ஓட்டானி டாட்ஜர்ஸ் டீமோட 2023 டிசம்பர்ல எழுதின சீட்டு, 10 வருஷம், வருஷத்துக்கு 70 மில்லியன், அதுல அப்பப்ப கையில வாங்குறது வெறும் 2 மில்லியன், மிச்சம் 68ஐ 2034லேர்ந்து 2043 வரைக்கும் வாங்கிக்குவாரு. 680 மில்லியன் பாக்கி, வட்டியில்லாம. நம்ம பெரியவுக யாராச்சும் இதைக் கேட்டிருந்தா அந்தப் புள்ளைக்குக் கூட்டிப் பாக்கத் தெரியலைன்னு ரெண்டு நாள் உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்திருப்பாக.

ஆனா அவரு ஏமாளி இல்ல. அவருக்கு வெளம்பரத்துலயே வேணுங்கிறது வருது. அவரு விட்டுக்குடுத்த காசுல டீம் வேற நல்ல ஆளுகளை எடுக்கும், கோப்பை ஜெயிக்கலாம், அதான் கணக்கு. சேந்த முதல் வருஷமே ஜெயிச்சுட்டாரு, அதுவும் எங்க டீமைத் தோக்கடிச்சு. இன்னொண்ணு, டீமு சம்பளம் ஒரு அளவைத் தாண்டுனா வரி கட்டணும், 2025ல அந்த அளவு 241 மில்லியன். தொடர்ந்து மூணு வருஷம் தாண்டி, அதுலயும் ரொம்ப ஒசரத் தாண்டுனவங்களுக்கு, மேல இருக்கிற ஒவ்வொரு டாலருக்கும் 110 சதவீதம், அதாவது ஒரு ரூவா சம்பளத்துக்கு ஒரு ரூவா பத்து பைசா வரி. பாக்கி வச்சா, அந்த 70ஐ வரிக் கணக்குல சுமார் 46ஆத்தான் பாப்பாங்க. பின்னால வர்ற காசுக்கு இன்னைக்கு மதிப்பு கம்மிங்கிறது அமெரிக்காக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு, அதைச் சம்பளத்துல காட்டாம வரியில மட்டும் காட்டிருக்கான். பேரன்கிட்ட சொல்லுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு.

பள்ளத்தூர் கல்லூரி மாணவர்: சார், இதுவும் ஐபிஎல் மாதிரி ஏலம்தானா? பேடில் தூக்குவாங்களா?

இல்ல தம்பி. 2024 நவம்பர்ல ஜெட்டாவுல பாத்தமே, பண்டுக்கு லக்னோ 27 கோடி, அஸ்வினை நம்ம சிஎஸ்கே 9.75 கோடிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது, அது மாதிரி ரெண்டு நாள் கூத்து இங்க கிடையாது. புதுசா வர்ற பயலுக டீமுக்குக் கட்டுப்பட்டவங்க, முதல் மூணு வருஷம் ஏறக்குறைய டீம் சொல்றதுதான் சம்பளம், அடுத்த மூணு வருஷம் ஒத்து வரலைன்னா நடுவர் முன்னாடி போயி ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு தொகை சொல்லணும், நடுவர் ரெண்டுல ஒண்ணைத்தான் எடுப்பாரு, நடுவுல பிரிச்சுக் குடுக்குற பஞ்சாயத்து இல்ல. ஆறு வருஷம் முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், பிடிச்ச டீமுக்குப் போகலாம். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் போன்லயே நடக்கும், சம்பந்தம் பேசுற மாதிரி, நடுவுல ஒரு ஏஜென்ட், இந்தப் பக்கம் அவங்க இவ்ளோ சொல்றாங்கம்பாரு, அந்தப் பக்கம் போயி இவங்க இவ்ளோ சொல்றாங்கம்பாரு. பேடில் பாக்குற சுகம் இல்லதான்.

கோட்டையூர் வாசகி: ஆளைக் கேக்காமலேயே வேற டீமுக்கு மாத்திடுவாங்களாமே, நெசமா?

நெசம். சீட்டுல மாத்தக் கூடாதுன்னு எழுதியிருந்தாத்தான் தப்பிக்கலாம், இல்லாட்டி 10 வருஷம் விளையாடி அதுல கடைசி 5 வருஷம் ஒரே டீம்ல இருந்திருக்கணும். மத்தவங்களுக்கு ராத்திரி போன் வரும், காலையில பெட்டி கட்டணும். சோட்டோவே யாங்கீஸுக்கு அப்படித்தான் வந்தாரு, 2023 டிசம்பர்ல அவரையும் ட்ரென்ட் கிரிஷமையும் சான் டியாகோ டீம்கிட்ட வாங்க அஞ்சு பேரைக் குடுத்தாங்க. ஒரு வருஷம்தான் சீட்டு பாக்கின்னு தெரிஞ்சே குடுத்தாங்க. அதுல மைக்கேல் கிங்னு ஒரு பிட்சர், அதான் பந்து போடுற ஆளு, அங்க போயி பிரமாதமாப் போட்டாரு, அவரை நினைச்சாத்தான் வயிறு எரியுது. என்னைக் கேட்டா சோட்டோ விஷயத்துல கை சுட்டது 2024 டிசம்பர்ல இல்ல, அதுக்கு முந்தின டிசம்பர்ல.

புதுவயல் வாசகர்: யாங்கீஸ்ல இனிமே தாடி வைக்கலாமாமே?

வைக்கலாம். டீம் முதலாளி அப்பா ஸ்டைன்பிரென்னர் தாடி கூடாதுன்னு போட்ட சட்டத்தை 2025 பிப்ரவரியில மகன் தளர்த்திட்டாரு, ஒழுங்கா வெட்டின தாடின்னா ஓகே. புதுசா வந்த டெவின் வில்லியம்ஸ் பாவம், போட்டோ எடுக்கிறதுக்காக மழிச்சுட்டாரு, அப்புறம்தான் சட்டம் மாறுச்சு. பழனிக்கு மொட்டை போட்ட மாதிரி நினைச்சுக்க வேண்டியதுதான்.

காரைக்குடி செக்காலை வாசகர்: சோட்டோ போனதுக்குப் பதிலா நாலு பேரை எடுத்திருக்காங்களே, 2025ல கோப்பை வருமா? (நானும் உங்க கட்சிதான்.)

நம்ம கட்சி ஆளு ஒருத்தரு செக்காலையிலயே இருக்கீங்களா, ஒருநாள் வீட்டுக்கு வாங்க, பணியாரம் இருக்கு.

ஐந்தொகை போட்டுப் பாத்தேன். மேக்ஸ் ஃப்ரீட், இடதுகை பிட்சர், 8 வருஷம் 218 மில்லியன். கோடி பெலிஞ்சர், சிகாகோ கப்ஸ்காரங்க 5 மில்லியன் கையில குடுத்து அனுப்பி வச்சாங்க. பால் கோல்ட்ஷ்மிட், சேர்றப்ப 37 வயசு, ஒரு வருஷத்துக்கு 12.5 மில்லியன். கடைசியில வந்து ஆட்டத்தை முடிக்க டெவின் வில்லியம்ஸ். நாலு பேரு சீட்டையும் மொத்தமாக் கூட்டினாலும் 300 மில்லியனைத் தாண்டல. சராசரியா ஒரு வருஷச் செலவுன்னு பாத்தா சோட்டோ ஒருத்தரைவிட இந்த நாலு பேருக்குக் கூடத்தான் ஆகுது, ஆனா 2039 வரைக்கும் கழுத்துல கெடக்குற கடன் இல்ல. ஃப்ரீடுக்கு எட்டு வருஷம் மட்டும் கொஞ்சம் நெருடுது, பிட்சர் கை கண்ணாடிச் சாமான் மாதிரி. மத்தபடி கேஷ்மேனுக்குப் பாஸ் மார்க் போடலாம்.

ஆனா ஒண்ணு கேக்குறேன். நாம எதனால தோத்தோம்? அடிக்க ஆளில்லாமலா தோத்தோம்?

அன்னைக்குத் தீபாவளி. 2024 அக்டோபர் 31, அங்க 30ந்தேதி ராத்திரி. டாட்ஜர்ஸ் கூட வேர்ல்டு சீரிஸ், அதான் ஃபைனல், அஞ்சாவது ஆட்டம். மூணுக்கு ஒண்ணுன்னு பின்னாடி இருக்கோம், தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். விடியறதுக்கு முன்னாடியே எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு புதுவேட்டியோட பட்டாலையில டிவி முன்னாடி உக்காந்துட்டேன், வெளிய ஆயிரம் வாலா, உள்ள யாங்கீஸ் 5-0. எங்க வீட்டுல உக்காரை கொண்டாந்து வச்சாக, நான் ஒரு வாய் எடுத்து வச்சேன், அப்ப வந்துச்சு அஞ்சாவது இன்னிங்ஸ். நம்ம ஆரன் ஜட்ஜ், 58 ஹோம் ரன் அடிச்ச மகராசன், கைக்கு நேரா வந்த பந்தை, தெருவுல விளையாடுற பயலே பிடிக்கிற பந்தை, கோட்டை விட்டாரு. அடுத்து நம்ம வோல்ப்பி மூணாவது பேஸுக்கு, அதான் ஓடுறவங்க தொட வேண்டிய மூணாவது முனைக்கு, எறிஞ்சது தரையில குத்திப் போச்சு. பேஸ் மூணும் நெறைஞ்சு போச்சு, ஒருத்தரும் அவுட் இல்ல. அப்பவும் நம்ம பிட்சர் கெரிட் கோல் அசராம ரெண்டு பேரைத் தொடர்ந்து அடிக்க விடாமலே ஸ்டிரைக் அவுட் பண்ணாரு, அதுல ஒருத்தர் ஓட்டானி! இன்னும் ஒரே ஒரு அவுட். டாட்ஜர்ஸ் பெட்ஸ் மெதுவா ஒண்ணைத் தட்டுனாரு, நம்ம முதல் பேஸ்காரர் ரிஸோ கையில பந்து இருக்கு, கோல் ஓடிப்போயி முதல் பேஸ்ல நின்னிருந்தா முடிஞ்சது கதை. அவரு போகல. நின்னுக்கிட்டு நீ போன்னு ரிஸோவுக்குக் கையைக் காட்டுறாரு. பந்தியில நீ பரிமாறு நான் பரிமாறுன்னு சொல்லிக்கிட்டே எலையைக் காயப்போட்ட மாதிரி. அதுக்கப்புறம் ஃப்ரீமன் ஒரு அடி, ஹெர்னான்டஸ் ஒரு அடி, 5-5. கடைசியில 7-6ன்னு தோத்து சீரிஸே போச்சு. உக்காரை அன்னைக்கு இறங்கவே இல்ல.

இதுக்கு சோட்டோ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பந்தைப் பிடிக்கணும், நேரா எறியணும், ஓட வேண்டிய எடத்துல ஓடணும். அந்த வகையில பெலிஞ்சர் வந்தது நல்லது, அவுட்ஃபீல்டுல, அதான் மைதானத்தோட பின்பக்கம், எங்க நிறுத்துனாலும் நிப்பாரு, ஜட்ஜை மறுபடி ரைட் ஃபீல்டுக்கே அனுப்பிடலாம். கோல்ட்ஷ்மிட் முதல் பேஸ்ல கோல்டு கிளவ், அதான் ஃபீல்டிங் விருது, வாங்குன கை. இதெல்லாம் சரி. ஆனா மூணாவது பேஸ்ல யாருங்கிறேன்! ரெண்டாவது பேஸ்ல இருந்த க்ளேபர் டோரஸ் டெட்ராய்ட்டுக்குப் போயிட்டாரு, அந்த எடத்துக்கு மூணாவதுலேர்ந்து ஜாஸ் சிஷோமை நகத்தியாச்சு, சிஷோமுக்கு அது சொந்த வீடு மாதிரி, ஒத்துக்கிறேன், ஆனா அவரு காலி பண்ணின எடம் அப்படியே கெடக்கு. 2025 சீசனுக்கு லமேஹியூ, கப்ரேரா, பெரஸான்னு மூணு பேரைச் சொல்றாங்க, ஒருத்தருக்கு வயசாச்சு, மத்த ரெண்டு பேரும் இன்னும் தேறல. முகப்புக்கு பர்மாத் தேக்குல கதவு போட்டு, கொல்லைப்பக்கம் தட்டியை வச்சு அடைச்ச வீடு மாதிரி இருக்கு. களவாணி எந்தப் பக்கம் வருவான்?

அமெரிக்கன் லீக்கை, அதான் ரெண்டு பிரிவுல நம்ம பிரிவை, ஜெயிக்கலாம். கோப்பை, ஜூலைக்குள்ள ஒரு மூணாவது பேஸ் ஆளைப் பிடிச்சா பாப்போம்.

எங்க வீட்டு ரெண்டாங்கட்டுலேர்ந்து ஒரு வாசகி (பேரு போட வேணாமாம்): சீசன் என்னைக்கு ஆரம்பிக்குது, அன்னைக்கு ராத்திரி வீட்டுல யாராச்சும் தூங்க முடியுமா முடியாதா?

2025 மார்ச் 27, மில்வாக்கி கூட. நமக்கு அன்னைக்கு நடுராத்திரி தாண்டி 12.35. ஹெட்போன் வாங்கியாச்சு ஆச்சி.