பிள்ளையைப் பார்க்க விடாவிட்டால் பராமரிப்புத் தொகையை நிறுத்தலாமா?

மகளுக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, தொகையை எப்படி முடிவு செய்தார்கள், அவளைப் பார்க்க விடாவிட்டால் கட்டாமல் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அது உங்கள் மகளுக்குச் சேர வேண்டிய பணம், அவள் அம்மா கைக்குப் போகிறது, அவ்வளவுதான். பார்க்க விடாதது வேறு வழக்கு. அதற்குத் தனியாக மனு போடுங்கள். அவர் செய்தது தவறாகவே இருந்தாலும், நீங்கள் கட்டாத மாதம் நிலுவைக் கணக்கில்தான் ஏறும்.

தொகை ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் டெக்சாஸில் கட்டுபவரின் நிகர வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 20 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்கு 25 சதவீதம் என்று பொதுக் கணக்கு உண்டு. அங்கே பெரும்பாலான மாநிலங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பங்கு பிரிக்கின்றன. இந்தியாவில் அப்படிச் சூத்திரம் எதுவும் இல்லை. இருவரின் வருமானம், சொத்து, கடன், பிள்ளையின் தேவை எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி முடிவு செய்கிறார்.

நான் சறுக்கியது வேறொரு இடத்தில். வேலை போனபோது மகனின் அம்மாவிடம் பேசினேன். "சரி, பாதி கொடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஏழு மாதம் பாதிதான் கட்டினேன். பிறகு எங்களுக்குள் பேச்சு முறிந்தது, மீதிப் பாதி முழுவதும் நிலுவை என்று மனு வந்தது. நீதிபதி என் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் உத்தரவில் இருந்த தொகை மாறவே இல்லையே! நடுவில் பள்ளிக் கட்டணத்தை நானே நேரில் கட்டியிருந்தேன், அதையும் கழிக்கவில்லை.

வேலை போன வாரமே, வேலைநீக்கக் கடிதத்தோடு தொகையைக் குறைக்கக் கோரி மனு போட்டிருக்க வேண்டும். பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய பாக்கியைக் குறைக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1986 முதல் கூட்டாட்சிச் சட்டமே அதைத் தடுக்கிறது. வாய்ப்பேச்சில் எதையும் மாற்றாதீர்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியே அனுப்பி எந்த மாதத்துக்கு என்று குறிப்பும் எழுதுங்கள்.

இன்னொன்று, உத்தரவு எந்தத் தேதியிலிருந்து என்று இன்றே பாருங்கள். மனு போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. அப்படியானால் உத்தரவு கைக்கு வரும்போதே சில மாத பாக்கி சேர்ந்திருக்கும். அதைத் தவணையில் கட்ட அனுமதி கேட்கலாமா என்று உங்கள் வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.