வெளிநாட்டில் குற்றம் செய்து, சிறைக்கு அனுப்பப்படாமல் ஓர் அலுவலரின் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர் சொந்த நாட்டுக்குத் திரும்பினால், அந்தக் கண்காணிப்பு என்ன ஆகும்?

அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் திரும்புகிறார் என்றால், கண்காணிப்பும் அவரோடு சேர்ந்து நாடு மாறலாம். இந்தியாவுக்குத் திரும்புகிறார் என்றால், அதை இங்கே ஏற்று நடத்துவதற்கு அப்படியொரு ஏற்பாடு கிடையாது. நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த வேறுபாடு ஏன் முக்கியமானது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிறைக்கு அனுப்பாமல் ஒருவரை நன்னடத்தையின் பேரில் விடுவிக்க வேண்டுமானால், அவர் எங்கே தங்குவார், யார் அவரைப் பார்த்துக்கொள்வார் என்பது நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டும். நமது 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே இதை நிபந்தனையாக வைத்திருக்கிறது: நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளோ, பிணைக்காலத்தில் அவர் வசிக்கப்போகும் இடத்திலோ, குற்றவாளிக்கு அல்லது அவருடைய ஜாமீன்தாரருக்கு நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் வேலை தேடி வெகுதூரத்திலிருந்து வந்து, தொழிற்சாலைக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஓர் இளைஞரைப் பற்றி விசாரணை அறிக்கை எழுத உட்காரும்போது, அது எவ்வளவு கனமானது என்பது புரியும். உள்ளூர்க்காரர் செய்த அதே குற்றத்தைத்தான் அவரும் செய்திருப்பார். அவருடைய முன்நடத்தையிலும் குறை இருக்காது. ஆயினும் அவருக்காகக் கையெழுத்துப் போட ஆள் இல்லாததால், அறிக்கை பலவீனமாகிவிடும். ஒரே நாட்டுக்குள்ளேயே நிலைமை இப்படி என்றால், மொழியும் சட்டமும் வேறாக இருக்கும் அயல்நாட்டில் பிடிபட்டவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நாடு திரும்பிவிடுவார், கண்காணிக்க முடியாது என்று நீதிபதி எண்ணினால், அவருக்கு மிஞ்சுவது சிறைதான்.

ஐரோப்பா இந்தச் சிக்கலை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டவர்களையும் நிபந்தனையுடன் விடுவிக்கப்பட்டவர்களையும் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவிக் கண்காணிப்பதற்கான உடன்படிக்கையை, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான, பல ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஐரோப்பிய மன்றம் 1964ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஸ்திராஸ்பூர்க்கில் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வர 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னரும் அதில் சேராத நாடுகள் பல. உண்மையான மாற்றம், ஐரோப்பிய ஒன்றியம் 2008 நவம்பர் 27 அன்று நிறைவேற்றிய 2008/947 என்ற கட்டமைப்பு முடிவால்தான், அதாவது உறுப்பு நாடுகள் தத்தம் சட்டங்களில் கொண்டுவர வேண்டிய பொது விதியால்தான், வந்தது.

அதன் செயல்முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்கலாம். நெதர்லாந்தில் முறைப்படி வசித்துவரும் ஒருவருக்கு பெல்ஜியத்தின் நீதிமன்றமொன்று தண்டனையை நிறுத்திவைத்து, நிபந்தனைகள் விதிக்கிறது என்று கொள்வோம். பெல்ஜியம் தீர்ப்பையும் அதனுடன் வரையறுக்கப்பட்ட படிவத்தில் ஒரு சான்றிதழையும் நெதர்லாந்துக்கு அனுப்புகிறது. நெதர்லாந்து 60 நாட்களுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். குறித்த நேரத்தில் அலுவலர் முன் வருதல், குறிப்பிட்ட இடங்களுக்கோ ஆட்களிடமோ செல்லாதிருத்தல், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தல், சமூகப் பணி செய்தல், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுதல் போன்ற நிபந்தனைகளை ஏற்கும் நாடு கண்காணித்தாக வேண்டும். அந்நாட்டுச் சட்டத்துக்குப் பொருந்தாத நிபந்தனை இருந்தால் மாற்றியமைக்கலாம். ஆனால் முதலில் விதிக்கப்பட்டதைவிடக் கடுமையானதாகவோ நீண்டதாகவோ ஆக்கக் கூடாது. ஏற்றுக்கொண்ட பிறகு, கண்காணிப்பு அந்த நாட்டின் சட்டப்படியே நடக்கும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஒரு கூறு உண்டு. குடியுரிமை இங்கே அளவுகோல் அல்ல. சட்டப்படியான, வழக்கமான வசிப்பிடமே அளவுகோல். எனவே பிரான்சில் வசிக்கும் ஈழத்தமிழர் ஒருவர் ஜெர்மனியில் தண்டிக்கப்பட்டாலும், அவருடைய கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதாக இருந்தாலும், கண்காணிப்பைப் பிரான்சுக்கு மாற்றக் கோரலாம். சூரிச்சில் வசிப்பவருக்கு இந்த வழி இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்துக்கு வெளியே இருக்கிறது.

ஏட்டில் இருப்பதற்கும் நடப்பதற்கும் இடையே இடைவெளி பெரிது. உறுப்பு நாடுகள் தம் சட்டங்களை 2011 டிசம்பர் 6ஆம் நாளுக்குள் திருத்தியிருக்க வேண்டும். அயர்லாந்து அதற்கான சட்டத்தை 2019இல்தான் இயற்றியது. கைதிகளை நாடு மாற்றும் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால், கண்காணிப்பை மாற்றும் இந்த ஏற்பாடு குறைவாகவே பயன்படுகிறது. காரணம் எனக்கு வியப்பளிக்கவில்லை. கைதி நாட்டின் சிறையில் ஓர் இடத்தை நிரப்புகிறார், செலவு கண்ணுக்குத் தெரிகிறது, அவரை அனுப்பிவைக்க அரசு ஆர்வம் காட்டுகிறது. கண்காணிப்பில் உள்ளவர் புறப்பட்டுப் போய்விட்டால், கோப்பை மூடிவிடுவதே எளிது. அத்துடன், கண்காணிப்புக் காலம் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் ஏற்கும் நாடு மறுக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. சிறு குற்றங்களுக்கான குறுகிய கண்காணிப்பே இதனால் முதலில் அடிபடுகிறது. அறுபது நாள் என்ற கெடுவுக்கு முன்னால் மொழிபெயர்ப்புக்கு ஆகும் காலமும் உண்டு. விடுவிக்கப்பட்டவர் தடுமாறுவதும் ஒருவரின் சொல்லுக்குச் செவிகொடுப்பதும் முதல் சில வாரங்களில்தான் என்பது என் அனுபவம். அந்த வாரங்கள் அலுவலர் எவரும் இல்லாமல் கழிவது பெரிய இழப்பு.

நிபந்தனையை மீறினால் என்ன செய்வது என்பதும் சிக்கலானதே. பொதுவாக ஏற்ற நாடே முடிவெடுக்கும். ஆனால் மீறினால் இத்தனை காலம் சிறை என்று மூலத் தீர்ப்பிலேயே குறிக்கப்படாவிட்டால், ஏற்ற நாடு அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, வழக்கைத் தீர்ப்பளித்த நாட்டுக்கே திருப்பிவிட முடியும்.

இந்த இடைவெளிகளை நிரப்புபவர்கள் மனிதர்களே. 1823இல் கைதிகளின் ஒழுக்க மேம்பாட்டுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கிய மரபு நெதர்லாந்துக்கு உண்டு. இன்று அந்நாட்டின் நன்னடத்தை அமைப்பு, பிற நாடுகளில் வாழும் தன் நாட்டவரையே தொண்டர்களாகக் கொண்டு, அங்கே சிறையிலிருக்கும் நெதர்லாந்துக்காரர்களைச் சந்திக்கச் செய்கிறது. கைதி நாடு திரும்பும்போது அவருக்காகக் காத்திருக்கும் அலுவலருக்கு அவரைப் பற்றி முன்பே ஓரளவு தெரிந்திருக்கும். 1981இல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய நன்னடத்தைக் கூட்டமைப்பு பல நாட்டு அலுவலர்களை ஒன்றுகூட்டிவருவதையும் நான் இதே காரணத்துக்காகவே மதிக்கிறேன். முகம் தெரிந்த அலுவலருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். முகம் தெரியாதவருக்கு எழுதும் கடிதம் மேசையில் கிடக்கும்.

இந்தியாவின் நிலைக்கு வருகிறேன். கைதிகளைத் தாயகத்துக்கு மாற்றுவதற்கான 2003ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது சிறைத்தண்டனை அனுபவிப்பவர்களைப் பற்றியது. அயல்நாட்டு நீதிமன்றம் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று கருதிய ஒருவருக்கு அதில் இடமில்லை. சிறைக்குப் போனவருக்கு ஊர் திரும்ப வழி உண்டு, போகாதவருக்கு இல்லை என்பது தலைகீழான நியாயமாகவே எனக்குப் படுகிறது. 1936இலேயே நன்னடத்தைச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை, பணியறிவுக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் மாநிலங்கள் 1937இல் ஓர் உடன்படிக்கை செய்து, ஒருவர் அனுப்பும் ஆளை மற்றவர் தம்முடைய ஆளைப் போலவே கண்காணிக்க ஒப்புக்கொண்டன. நாம் முதலில் நம் மாநிலங்களுக்கிடையே அத்தகைய நடைமுறையை உறுதியாக்கலாம். அதன் பிறகு, நம்மவர் மிகுதியாக வேலை செய்யும் நாடுகளோடு இருதரப்பு ஒப்பந்தங்களைக் கோரலாம்.

உங்கள் உறவினர் எவரேனும் ஐரோப்பாவில் இப்படியொரு வழக்கில் இருந்தால், வழக்கறிஞரிடம் இந்தக் கட்டமைப்பு முடிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வசிக்கும் நாட்டின் குடியிருப்பு அனுமதி, வாடகை ஒப்பந்தம், வேலைச் சான்று ஆகியவற்றைத் தீர்ப்புக்கு முன்பே நீதிமன்றத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கண்காணிப்பை மாற்ற முடியும் என்று நீதிபதிக்கு அப்போதே தெரிந்தால்தான், சிறைக்குப் பதிலாக அதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வழி இருக்கும்.