பாரசீக ராஜபாட்டை: கேள்வி பதில்

கேள்வி: சார்டிஸிலிருந்து (இன்றைய மேற்குத் துருக்கி) சூசாவுக்கு (இன்றைய தென்மேற்கு ஈரான்) நடந்தே போனால் எத்தனை நாள்?

90 நாள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் கணக்குப்படி தூரம் 450 பராசங்கு (பாரசீக நீள அளவை). பராசங்குக்கு 30 ஸ்டேடியம் (கிரேக்க நீள அளவை) என்றால் 13,500 ஸ்டேடியம். நாளைக்கு 150 நடந்தால் 90 நாளில் முடியும். பராசங்கு என்பது ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். வழியில் 111 தங்குமிடங்கள்; சராசரி இடைவெளி ஒரு நாள் நடைக்குக் கொஞ்சம் குறைவு.

கேள்வி: அவரே தரும் பகுதிவாரிப் பட்டியலைக் கூட்டினால் 81 தங்குமிடம்தானே வருகிறது?

சரியாகப் பிடித்தீர்கள். 20, 28, 3, 15, 4, 11. பராசங்கும் 313 தான் தேறும். மத்தியேனே பகுதியில் ஏட்டைப் படியெடுத்து எழுதியவர்கள் எதையோ விட்டுவிட்டார்கள். அங்கே 4ஐ 34 ஆக்கி, 137 பராசங்கைச் சேர்த்தால் இரண்டு கூட்டலும் நேராகிவிடும். பதிப்பாசிரியர்கள் செய்வதும் அதுதான்.

கேள்வி: வழிப்போக்கர் யாராக இருந்தாலும் படி (வழிச்செலவுக்கான உணவு) கிடைக்குமா?

கிடைக்காது. அரசரோ மாகாண ஆளுநரோ தந்த முத்திரைச் சீட்டு வேண்டும். ஈலமிய மொழியில் அதற்கு 'ஹல்மி' என்று பெயர். பாரசீகத் தலைநகரங்களுள் ஒன்றான பெர்செபோலிஸில் 1933-34இல் கிடைத்த களிமண் பலகைகள் (கி.மு. 509-493) இந்தப் படிக்கணக்கைக் காட்டுகின்றன. ஒன்றில் அப்பதேமா என்பவர் இந்தியாவிலிருந்து சூசா போகிறார். அரசர் டேரியஸின் ஆட்சியில் 23ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம். மாவு 110 கா (ஒரு கா ஏறத்தாழ ஒரு லிட்டர்). அவருக்கு 70, கூட வந்த 20 பேருக்குத் தலைக்கு 2. கூட்டிப் பாருங்கள், பைசா பிசகாது. 70 காவை ஒருவரே தின்றிருக்க முடியாது. அது வயிற்றுக்கான அளவல்ல, பதவிக்கான அளவு. உயரதிகாரி பர்னகாவுக்கு நாளைக்கு 2 ஆடும் 180 கா மாவும் போயின.

கேள்வி: களிமண் ரசீதில் கள்ளக்கணக்கு எழுத முடியாதா?

கடினம். கொடுத்தவர் முத்திரை பலகையின் இடது விளிம்பில், வாங்கியவர் முத்திரை வேறு பக்கத்தில். ஈரம் காய்ந்த பிறகு எண்ணைத் திருத்த முடியாது. பலகைகள் பெர்செபோலிஸுக்குப் போய்ப் பேரேட்டில் ஏறும். கையிருப்பு குறைந்ததற்குக் கிடங்குக்காரர் காட்டக்கூடிய ஆதாரம் அந்த ரசீதுதான். அதனால் ரசீது இல்லாமல் மாவு கொடுக்க அவரே துணியமாட்டார்.

கேள்வி: நல்ல ஊராகப் பார்த்து நாலு நாள் தங்கிவிட்டால்?

அதற்கும் விதி உண்டு. எகிப்தின் ஆளுநர் அர்ஷாமா, தன் அலுவலர் நக்த்ஹோர் எகிப்து போகும்போது தோலில் எழுதிக் கொடுத்த அரமேயச் சீட்டு இன்றும் இருக்கிறது. அர்பேலா (இன்றைய எர்பில்), டமாஸ்கஸ் போன்ற ஊர்களில் உள்ள பொறுப்பாளர்களுக்கு உத்தரவு: நாளைக்கு வெள்ளை மாவு 2 அளவை, மட்டமான மாவு 3, திராட்சை மது அல்லது பீர் 2, ஆடு 1, பணியாள் 10 பேருக்குத் தலைக்கு மாவு 1, குதிரைகளுக்கு எண்ணிக்கைக்கேற்ப வைக்கோல். கடைசி வரிதான் முக்கியம்: ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால், அந்த நாட்களுக்குக் கூடுதல் படி தரக்கூடாது. பயணப்படி பில் எழுதியவர்களுக்கு இந்த வரி பழகிய வரி!

கேள்வி: தனியார் கடிதங்களும் அரசுத் தபாலில் போகுமா?

தபால் அரசு வேலைக்கு. நாள் தூரத்துக்கு ஒரு ஆளும் ஒரு குதிரையும் காத்திருக்க, கடிதம் கைமாறிக்கொண்டே போகும். சாலையில் காவலும் உண்டு. அதனால்தான் சூசாவிலிருந்த ஹிஸ்டியேயஸ், தான் முன்பு ஆண்ட கிரேக்க நகரமான மிலேட்டஸுக்குக் கலகச் செய்தி அனுப்ப அடிமையின் தலையை மழித்துப் பச்சை குத்தி, முடி வளரும்வரை காத்திருந்து அனுப்பினார் என்கிறார் ஹெரோடோடஸ்.