மாவட்டப் பதவிக்குப் போனால் வளர்ச்சி நின்றுவிடுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கும் உங்கள் மகள் மாவட்ட அளவிலான சட்டப் பணி ஒன்றை ஏற்றால், அவருடைய வழக்கறிஞர் வாழ்க்கை அத்தோடு முடங்கிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். குடும்பத்தில் இத்தொழிலில் வேறு யாரும் இல்லை என்ற கவலையும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அவர் அயர்லாந்தின் சட்ட வரலாற்றை விரும்பிப் படிக்கிறார் என்றும் எழுதியிருப்பதால், அங்கே 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் ஓஹேகனின் வாழ்க்கையை முன்வைத்தே பதில் சொல்கிறேன்.

ஓஹேகன் 1812-இல் பெல்ஃபாஸ்டில் ஒரு கத்தோலிக்க வணிகரின் மகனாகப் பிறந்தார். அக்காலத்து அயர்லாந்தில் நிலம், மாவட்ட நிர்வாகம், உயர் நீதிப் பதவிகள் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஆங்கிலோ-ஐரிஷ் (இங்கிலாந்து வம்சாவளி) புராட்டஸ்டன்ட் குடும்பங்களின் கையில்தான் இருந்தன. கத்தோலிக்கர்கள் பாரிஸ்டராக, அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞராகத் தொழில் செய்யலாம் என்ற அனுமதியே 1792-இல்தான் கிடைத்தது. 1836-இல் பாரிஸ்டரான ஓஹேகன், தொடக்க ஆண்டுகளில் நியூரி நகரில் ஒரு செய்தித்தாளின் ஆசிரியராகவும் இருந்தார். வழக்குகள் வந்து சேரும்வரை இளம் பாரிஸ்டர்கள் எழுத்துப் பணியை நாடுவதும் அங்கே உண்டு.

1847-இல் அவர் லாங்ஃபோர்ட் மாவட்டத்தின் உதவி பாரிஸ்டராக நியமிக்கப்பட்டார். பெயரைப் பார்த்து யாருக்கோ எடுபிடியான வேலை என்று எண்ணிவிட வேண்டாம். சட்டம் பயிலாத நிலக்கிழார்களே மாஜிஸ்திரேட்டுகளாக அமர்ந்த காலாண்டு நீதிமன்றத்தில், அவர்களோடு அமர்ந்து சட்டம் அறிந்தவராக வழிநடத்தியவர் உதவி பாரிஸ்டர்தான். சிறு கடன் வழக்குகளையும், குத்தகைதாரர்களை நிலத்திலிருந்து வெளியேற்றக் கோரும் வழக்குகளையும் அவரே விசாரித்துத் தீர்ப்பளித்தார். 1847 அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தில் மிகக் கொடிய ஆண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், வாடகை பாக்கிக்காக நிறுத்தப்பட்ட ஏழை உழவனை நேருக்கு நேர் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய அந்த இருக்கையின் கனம் புரியும்.

மாவட்டப் பொருளாளர் போன்ற பதவிகளை நிரப்பியது, மாவட்ட நிர்வாகத்தைக் கவனித்த, பெரும் நிலவுடைமையாளர்கள் நிறைந்த கிராண்ட் ஜூரி என்ற குழு. உதவி பாரிஸ்டரை நியமித்ததோ டப்ளினில் இருந்த அரசு. உள்ளூர்ச் செல்வாக்கு இல்லாத ஒருவர் எந்தப் பதவியைத் தேடலாம் என்பதற்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. நியமனம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் உங்கள் மகளும் முதலில் விசாரிக்க வேண்டும்.

பதவி ஏற்ற பின்னும் ஓஹேகன் வாதாடுவதை நிறுத்தவில்லை. 1855-இல் டப்ளினுக்கு அருகிலுள்ள கிங்ஸ்டவுனில் பைபிளை எரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ரஷ்யப் பாதிரியார் பெச்செரினுக்காக டப்ளினில் வாதாடி, விடுதலை பெற்றுத் தந்தார். லாங்ஃபோர்ட் பதவி அப்போதும் அவரிடமே இருந்தது. 1857-இல் டப்ளின் மாவட்டத்துக்கு மாறினார். பின்பு அட்டர்னி ஜெனரலாகவும் நீதிபதியாகவும் உயர்ந்தார். அயர்லாந்தின் மிக உயர்ந்த நீதிப் பதவியான லார்டு சான்சலர் பதவி, பெரும்பாலான பதவிகள் கத்தோலிக்கர்களுக்குத் திறக்கப்பட்ட 1829-க்குப் பிறகும் அவர்களுக்கு மூடியே இருந்து 1867-இல்தான் திறந்தது. மறு ஆண்டே அதில் அமர்ந்தவர் ஓஹேகன்.

ஆகவே மாவட்டப் பணியை இறக்கம் என்று நான் கருதவில்லை. தினமும் தானே வழக்கைக் கையாளும் வாய்ப்பு அங்கே இருக்குமானால், சீனியரின் கோப்புகளைச் சுமந்தபடி கழியும் ஆண்டுகளைவிட அது மேலானது என்பதே என் கருத்து. வெறும் கடிதப் போக்குவரத்து வேலையென்றால் மறுத்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் ஓஹேகனின் நிலை வேறு. நம் பார் கவுன்சில் விதிகளின்படி, முழுநேரச் சம்பளப் பணியில் சேரும் வழக்கறிஞர் பொதுவாகத் தொழில் நடத்துவதை நிறுத்திவைக்க வேண்டும். அரசுத் தரப்பில் வாதாடும் சில பணிகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் மகளுக்கு வந்திருக்கும் பணி இவற்றுள் எதில் அடங்கும் என்பதை, சேர்வதற்கு முன்பே மாநில பார் கவுன்சிலில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.