192.168.1.1 திறந்தால் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' எச்சரிக்கை

வீட்டு ரவுட்டரின் லாகின் பக்கத்தைத் திறக்கப் போனால் இந்த எச்சரிக்கை வருகிறதா? ரவுட்டரை யாரோ ஹேக் செய்துவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை. குரோமில் 192.168.1.1 அடித்ததும் வரும் அந்த எச்சரிக்கைப் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தி, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 'புரொசீட்' இணைப்பைச் சொடுக்குங்கள். லாகின் பக்கம் வந்துவிடும்.

நேற்றுவரை வராதது இன்று ஏன் வருகிறது? அநேகமாக ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் ஆகி, ரவுட்டர் எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்புக்கு மாறியிருக்கும். அதற்கு, 'நான் இன்னார்' என்று காட்டும் சான்றிதழ் ஒன்று வேண்டும்; அதில் ரவுட்டர் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறது. பிரவுசர் அதை நம்பாது. பிரவுசர் நம்பும் வெளி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கவும் முடியாது. 192.168 என்று தொடங்கும் முகவரி ஊரில் பாதி வீட்டில் இருக்கிறது, யாருக்கென்று கொடுப்பார்கள்? முன்பு கொடுத்தவற்றைக்கூட 2016 அக்டோபருக்குள் ரத்து செய்ய வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள்.

பாஸ்வேர்டு போடும் முன் ஒன்று பாருங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கொடுத்தால், ரவுட்டரின் முகவரியைக் காட்டும் 'டிஃபால்ட் கேட்வே' வரியில் அதே 192.168.1.1 இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் நீங்கள் திறப்பது உங்கள் ரவுட்டராக இல்லாமல் இருக்கலாம்.

எச்சரிக்கையில் உள்ள பிழைக் குறியீடு 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்று முடிந்தால் நான் சொன்ன காரணம்தான். 'டேட் இன்வேலிட்' என்றால் முதலில் லேப்டாப்பின் தேதியைச் சரிபாருங்கள்.

இதெல்லாம் வீட்டு வைஃபைக்கு மட்டும். வங்கித் தளத்திலோ லாட்ஜ் வைஃபையிலோ இந்தப் பக்கம் வந்தால் மூடிவிடுங்கள். அப்புறம், எச்சரிக்கையையே மொத்தமாக நிறுத்தும் வழி என்று யாராவது வீடியோ காட்டினால், அது வேண்டவே வேண்டாம்.