கடை மூடுவதற்கு முன் மணிநேரம் குறையும்

தம்பி, உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஒரு பெரிய சங்கிலி மருந்தகம் உங்களை மருந்தாளுநராக எடுத்துக்கொண்டு எச்-1பி விசாவுக்கும் விண்ணப்பித்திருக்கிறது, அந்த வேலை நிலைக்குமா என்பது முதல் கேள்வி. தமிழ்க் குடும்பங்கள் எந்த ஊரில் அதிகம், காரைக் குத்தகைக்கு எடுப்பதா சொந்தமாக வாங்குவதா, வீடு எப்போது வாங்கலாம் என்பவை மற்ற மூன்று. ஊரைப் பற்றியும் காரைப் பற்றியும் உங்களுக்கு ஆலோசனை சொல்ல இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் நம்மவர்கள் புதிதாக வருபவர்களுக்குப் பழைய கதையைச் சொல்லி அனுப்புகிறார்கள்.

"மருந்தாளுநருக்கு அமெரிக்காவில் வேலை போகாது" என்பதுதான் அந்தப் பழைய கதை. நான் வந்த காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிய அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் மருந்தாளுநர் தட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், கடைகள் தாமாகவே விசாவுக்கு ஸ்பான்சர் செய்ததோடு, சேர்ந்த உடனே ஊக்கத்தொகையும் கொடுத்தன. நான் படித்தது நான்கு ஆண்டு பி.பார்ம்தான். 2003ஆம் ஆண்டுக்கு முன்பே பட்டம் பெற்றிருந்ததால் வெளிநாட்டு மருந்தியல் பட்டதாரிகளுக்கான எஃப்பிஜிஇஇ தகுதித் தேர்வு எழுத என்னை அனுமதித்தார்கள். அந்த ஆண்டு ஜனவரிக்குப் பிறகு பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு வேண்டும் என்று விதி மாறியது. அதனால்தான் 2008இல் இந்தியாவில் தொடங்கிய ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு உங்கள் தலைமுறைக்கு வாசலானது. ஆனால், நீங்கள் அதைப் படித்து முடித்துத் தேர்வுகளையும் தாண்டி வருவதற்குள் இங்கே நிலைமை மாறிவிட்டது. 2000இல் ஏறத்தாழ 80 ஆக இருந்த மருந்தியல் கல்லூரிகள் இருபது ஆண்டுகளில் 140ஐத் தாண்டின. ஆள் பெருகியபோதே கடைகள் குறையத் தொடங்கின.

எவ்வளவு குறைந்தன என்பதை நீங்கள் வேலைக்கு வரும் மாநிலமே சொல்லும். 1962இல் ஸ்கிராண்டனில் தொடங்கிய ரைட் எய்டு என்ற மருந்தகச் சங்கிலி 2023 அக்டோபரில் ஒருமுறையும் 2025 மே மாதத்தில் மறுமுறையும் திவால் நீதிமன்றத்துக்குப் போய், 2025 அக்டோபரில் கடைசிக் கடைகளையும் மூடிவிட்டது. மற்றொரு பெரிய சங்கிலியான சிவிஎஸ் 2021இல் மூன்று ஆண்டுகளில் 900 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. அதன் போட்டிச் சங்கிலியான வால்கிரீன்ஸ் 2024இல் 1,200 கடைகள் என்றது. மறு ஆண்டே ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. கடையில் கூட்டம் இல்லாததால் மட்டும் இவை மூடவில்லை. இங்கே மருந்தின் விலையில் பெரும்பகுதியைக் காப்பீட்டின் சார்பில் கொடுப்பவை பிபிஎம் எனப்படும் இடைநிலை நிறுவனங்கள். அவற்றில் மூன்று மட்டுமே நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைக் கையாளுகின்றன. அவை திருப்பித் தரும் தொகை பல மருந்துகளுக்குக் கொள்முதல் விலையைக்கூட எட்டுவதில்லை. நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளுடைடு ஊசிப் பெட்டியை நோயாளியிடம் எடுத்துக் கொடுக்கும்போது பல நேரம் கடை நட்டப்படுவது இங்கே கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். விற்பனை கூடக்கூட நட்டமும் கூடும் வியாபாரத்தில் முதலாளி முதலில் கை வைப்பது ஆட்களின் மணிநேரத்தில்தான்.

இதைத்தான் நீங்கள் அழுத்தமாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் வேலை ஒரு கடிதத்தோடு ஒரே நாளில் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது மணிநேரமாகக் கரையும். முதலில் டெக்னீஷியன்கள் எனப்படும் மருந்தக உதவியாளர்களின் நேரத்தை வெட்டுவார்கள். நேற்று வரை மூன்று டெக்னீஷியன்கள் நின்ற மாலை வேளையில் இன்று ஒருவர்தான் இருப்பார். காரில் இருந்தபடியே மருந்து வாங்குபவர்களுக்கான டிரைவ்-த்ரூ ஜன்னலில் அவர் நிற்கும்போது பணப்பெட்டி மணி அடிக்கும், அதற்கு நீங்கள் போனால் தொலைபேசியில் ஒரு மருத்துவமனை காத்திருக்கும், தடுப்பூசிக்கு நேரம் குறித்துக்கொண்டு வந்தவர் நாற்காலியில் அமர்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார், திரையில் சரிபார்க்க வேண்டிய சீட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவப்புக்கு மாறும். இந்த நெருக்கடியைத் தாங்க முடியாமல்தான் 2023 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டி சிவிஎஸ் மருந்தாளுநர்களும் அடுத்த மாதம் வால்கிரீன்ஸ் ஊழியர்களும் வேலைக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்டினார்கள். டெக்னீஷியன் நேரத்துக்கு அடுத்தபடியாகக் கடை திறந்திருக்கும் நேரம் குறையும். இரவு பத்து மணிக்கு மூடியது எட்டு மணிக்கு மூடும், ஞாயிறு முழு விடுமுறையாகும். பிறகு உங்கள் 40 மணி நேரம் 32 ஆகும். வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை செய்பவரை முழுநேர ஊழியராகக் கருதிக் காப்பீடு தர வேண்டும் என்பது பெரிய முதலாளிகளுக்கான விதி, ஆகவே அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே உங்களை நிறுத்தி வைப்பார்கள். அதன் பிறகு, உங்களுக்கென்று சொந்தக் கடை இல்லாத, எங்கே ஆள் தேவையோ அங்கே ஓடும் ஃப்ளோட்டர் ஆக்குவார்கள். இதற்கிடையில் தினசரி மாத்திரைச் சீட்டுகள் இயந்திரங்கள் நிரப்பும் மைய நிலையத்துக்குப் போய்ப் பொட்டலமாகத் திரும்பி வரத் தொடங்கினால், எஞ்சியிருக்கும் வேலையை அவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கடை மூடும் நாளையும் நான் உள்ளே நின்று பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த நிறுவனம் ஒன்று, நோயாளிகளின் மருந்துக் கோப்புகளைச் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த போட்டிக் கடைக்கு விற்றுவிட்டது. இந்தத் தொழிலில் கடையின் சொத்து அலமாரியில் இருப்பது இல்லை, அந்தக் கோப்புகள்தான். மாலை கதவைப் பூட்டிய பிறகு, அரசின் கடும் கட்டுப்பாட்டில் உள்ள இரண்டாம் அட்டவணைப் போதை மருந்துகளை நானும் வாங்க வந்த கடையின் மருந்தாளுநரும் தட்டில் கொட்டி, சட்டுவத்தால் ஐந்தைந்தாகத் தள்ளி, ஒருவர் எண்ணியதை மற்றவர் மீண்டும் எண்ணி, அவற்றுக்கான 222ஆம் எண் அரசுப் படிவத்தில் எழுதி முடிக்கும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. மறுநாள் காலை எங்கள் தொலைபேசி எண் அந்தக் கடையில் ஒலித்தது. பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் இரத்த அழுத்த மாத்திரை வாங்கிய முதியவர்கள் ஒரே இரவில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். எங்களில் பெரும்பாலோரை அந்தக் கடை எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பை வாங்குபவனுக்கு ஆளை வாங்கும் கட்டாயம் எதுவும் கிடையாது.

அப்போது என் கையில் கிரீன் கார்டு இருந்தது. உங்கள் கையில் இருக்காது. எச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்; அதற்குள் வேறு முதலாளி உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது விசா நிலையை மாற்ற வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். பெருமளவில் ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் இருப்பதாக யாராவது தைரியம் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஓர் இடத்தில் குறைந்தது 50 பேர் வேலை இழந்தால்தான் அது பேசும். ஒரு மருந்தகத்தில் மொத்தமே எத்தனை பேர் இருக்கிறோம்? அதுபோலவே, ஃப்ளோட்டராக உங்களை வேறு பெருநகர வட்டாரத்துக்கு நிரந்தரமாக அனுப்பினால் விசா விண்ணப்பத்தையே திருத்த வேண்டும் என்பது வட்டார மேலாளருக்குப் பல நேரங்களில் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது காலி ஷிப்ட் மட்டும்தான். மாட்டிக்கொள்வது நீங்கள், எனவே புதுக் கடைக்குப் போகச் சொன்னால் போகும் முன் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

கிரீன் கார்டு வேலையையும் "ஒரு வருடம் போகட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட விடாதீர்கள். ஒரு வட்டாரத்தில் மருந்தாளுநர்களை வேலையிலிருந்து நீக்கிய நிறுவனம், அடுத்த ஆறு மாதங்களுக்குள் அதே வேலைக்கு வெளிநாட்டவருக்குக் கிரீன் கார்டின் முதல் படியான தொழிலாளர் சான்று கேட்டால், நீக்கிய அமெரிக்கத் தொழிலாளர்களை முதலில் அழைத்துப் பார்த்தாக வேண்டும். அதனால் ஆட்குறைப்புக் காலத்தில் இந்தக் கோப்புகளை அப்படியே கிடப்பில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த படியாக முதலாளி தாக்கல் செய்யும் ஐ-140 மனு மட்டும் ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், பிறகு முதலாளி அதைத் திரும்பப் பெற்றாலும் அந்த ஒப்புதல் ரத்தாகாது, கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதியும் உங்களுடையதே.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. வேலை போனதை ஊரில் உள்ள பெற்றோரிடம் மட்டுமன்றி இங்கே பக்கத்து வீட்டுத் தமிழரிடமும் மறைக்கிறவர்கள் ஏராளம். காலையில் வெள்ளைக் கோட்டைக் காரில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு கடைகளில் பேசியிருப்பேன். கணினித் துறையில் இருக்கும் நம்மவர்கள் சிலர் நாள் முழுவதும் நின்று செய்யும் நம் வேலையைச் சற்றுத் தாழ்வாகப் பார்ப்பதும் உண்டு, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டிரைவ்-த்ரூ ஒலிபெருக்கியில் நான் சொன்ன பெயரை எவரும் புரிந்துகொள்ளாத காலம் ஒன்று இருந்தது. நான் மெதுவாகப் பேசக் கற்றேன், இந்த ஊர்ப் பெயர்களை இந்த ஊர்க்காரர் உச்சரிப்பது போலவே உச்சரிக்கக் கற்றேன், இன்று என் கவுண்டரில்தான் நிற்பேன் என்று வரிசையை மாற்றிக்கொள்ளும் நோயாளிகள் இருக்கிறார்கள். முதலாளி தாக்கல் செய்யும் எச்-1பி மனுவின் கட்டணத்தை உங்களிடம் கேட்கும் இடைத்தரகர் தமிழில் இனிக்க இனிக்கப் பேசினாலும் விலகிப் போங்கள். அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் நிரந்தர மருந்தாளுநரா ஃப்ளோட்டரா, எந்தக் கடை, அந்தக் கடை வாரத்துக்கு எத்தனை சீட்டுகள் நிரப்புகிறது, அதற்கு எத்தனை டெக்னீஷியன் மணிநேரம் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அதுவே பதில். சேர்ப்பு ஊக்கத்தொகையை எந்தச் சூழ்நிலையில் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் படியுங்கள், நிறுவனமே வேலையை விட்டு நீக்கினாலும் கட்ட வேண்டுமா என்பதைக் குறிப்பாகப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த கையோடு பக்கத்து மாநிலம் ஒன்றின் உரிமத்தையும் எடுத்துவிடுங்கள். நாப்ளெக்ஸ் எனும் மருந்தாளுநர் உரிமத் தேர்வை மீண்டும் எழுத வேண்டியதில்லை, பெரும்பாலான மாநிலங்களில் மருந்துச் சட்டத் தேர்வு ஒன்றுதான் மீதி. இப்போது படித்த சூட்டில் எழுதுவது எளிது, 60 நாள் கெடு ஓடும்போது எழுத முடியாது. மருத்துவமனை வேலைக்கும் முதியோர் இல்லங்களுக்கு மருந்து அனுப்பும் மருந்தகங்களுக்கும் சனி, ஞாயிறு பகுதிநேர ஆளாகப் போய் அனுபவம் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எச்-1பியில் இரண்டாம் முதலாளிக்குத் தனி விண்ணப்பம் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐ-140 கைக்கு வந்து 180 நாள் ஆகும்வரை வாடகைக்கே இருங்கள், அதுவும் நடுவில் முறித்துக்கொள்ள வழி உள்ள ஒப்பந்தமாகப் பாருங்கள். வேலை ஒப்பந்தம் வந்ததும் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள், மணிநேரப் பகுதியை நான் படித்துவிட்டுச் சொல்கிறேன்.